அட்டையில் நாற்பத்து மூன்று

மார்ச் 29, 2021, திங்கள்

மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கத்தான் பயன்பட்டது. அட்டையில் ரசச்சட்டியின் வட்டம் கூட இருக்கிறது. இன்றிலிருந்து எழுதலாம் என்று முடிவு. ஊரெல்லாம் மாஸ்க் போட்டுக்கொண்டதில் வம்பு பேசும் சுகமே போய்விட்டது. யார் முகம் சுளித்தார்கள், யார் உதட்டைக் கடித்தார்கள் என்று தெரியாமல் என்ன பேச்சு? இனி எல்லாவற்றையும் இங்கேதான் கொட்ட வேண்டும்.

கொட்டுவது யார் என்றால்: சண்முகவடிவு, ஐம்பத்து மூன்று வயது, நர்சிங் பள்ளி ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் என் முகத்தைச் சகித்துக்கொண்டார்கள், வாயைச் சகிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளி தம்பி வீடு. ஞாயிற்றுக்கிழமை சோறு அங்கே.

மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. தடுப்பூசி போட ஆள் போதவில்லை, தன்னார்வலர்கள் பத்துப் பேரைப் பத்து நாளில் பழக்கித் தர வேண்டுமாம். பத்துப் பேரும் வந்தார்கள். இருவரைப் பற்றி எழுதினால் போதும். ஒருவர் மரிய அந்தோணி, பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர். எதைச் சொன்னாலும் "லடாக்குல நாங்க" என்று தொடங்குவார். இன்னொருத்தி ஷமீமா, பல் டாக்டருக்குப் படித்து முடித்த பெண். கை நடுக்கம். பல்லைப் பிடுங்கும் கை, தோளைக் கண்டால் நடுங்குகிறது.

முதல் நாள் சாத்துக்குடியில் ஊசி குத்தும் பயிற்சி. மரிய அந்தோணி குத்திய குத்தில் ஊசி மறுபக்கம் வந்துவிட்டது. "சார், இது பாகிஸ்தான் இல்லை" என்றேன். சாயங்காலம் எண்ணினால் மூன்று சாத்துக்குடியைக் காணோம். யாரோ வாட்ச்மேனுக்கு ஜூஸ் பிழிந்து கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊசி போட்ட பழம், ஜூஸ் நிறைய வந்ததாம்.

ஏப்ரல் 1, வியாழன்

இன்று முதல் நாற்பத்தைந்து வயது ஆனவர்களுக்கெல்லாம் ஊசி. சரியாகச் சொன்னால், எழுபத்தேழு ஜனவரிக்கு முன்னால் பிறந்தவர்கள்.

முகாமுக்கு மைக்செட் என் தம்பி கோமதிநாயகம்தான். "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு" என்று அவன் தொடங்கினால் கோவில் யானை கூட நின்று கேட்கும். பள்ளிக்கூட வாசலில் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு உள்ளே வந்தான்.

"யக்கா, எனக்கு எப்ப போடுவ? பிரச்சாரத்துக்கு நிக்காம வேன்ல ஓடுதேன். ஆளுக்கு ஆள் வந்து கழுத்தைக் கட்டிப் பிடிக்கான்."

"உன் ஆதார் அட்டையில என்ன வருஷம்ல?"

"எழுபத்தேழு, ஜூன் அஞ்சு."

"ஆறு மாசம் முந்திப் பொறந்திருக்கலாம்லா."

"நான் எழுபத்தஞ்சு மாசியிலேயே பொறந்துட்டேனே!"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் பழைய கதை இது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் கண்ணாடி போடாமல் வருஷத்தைத் தப்பாக எழுதிவிட்டார். ஊரில் பாதிப்பேர் ஜூன் முதல் வாரத்தில்தான் பிறந்திருப்பார்கள், பள்ளிக்கூடம் திறக்கிற வாரம். பெரும்பாலும் அந்தத் தப்பு பிழைப்புக்கு உதவும். எங்கள் அப்பா கூட, "சர்க்கார் உத்தியோகம் கிடைச்சா ரெண்டு வருஷம் கூட இருக்கலாம்" என்று சந்தோஷப்பட்டார். இவனுக்குக் கிடைத்தது மைக்செட். அதில் ரிட்டையர்மென்ட் கிடையாது.

அவன் போன பிறகு வகுப்பில் இதையே பாடமாக்கினேன். "பாத்தீங்களா? அட்டையில என்ன வயசோ அதுதான் வயசு. தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, உங்க அப்பாவே வந்து நின்னாலும் சரி. ஒருத்தருக்கு வளைஞ்சா நாளைக்குக் கியூவே வளைஞ்சிரும்." பத்துப் பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஷமீமா அடிக்கோடு கூடப் போட்டாள்.

ஏப்ரல் 3, சனி

தோள் எலும்பிலிருந்து மூன்று விரல் கீழே. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க என் கையைக் கொடுத்தேன். பத்துப் பேரும் பேனாவால் ஆளுக்கு ஒரு புள்ளி வைத்தார்கள். மரிய அந்தோணி வைத்தது முழங்கைக்குப் பக்கம். "யார் கை சார் லடாக்குல உங்களுக்குக் கெடச்சது?" என்று கேட்டேன். அழிக்க மறந்து அப்படியே கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். பூக்காரி அம்மை வந்துவிட்டது என்று நினைத்து வேப்பிலை கொடுத்தாள்.

ஏப்ரல் 6, செவ்வாய்

ஓட்டுப் போட்டேன். தம்பிக்குக் குரலே இல்லை. மூன்று வாரம் வேனில் கத்தியிருக்கிறான். கட்சிக்காரர்களுக்கு ஊசி போட்டாகிவிட்டதாம். அவர்கள் வயது அட்டையில் சரியாக இருக்கிறது.

ஏப்ரல் 9, வெள்ளி

தன்னார்வலர்கள் முதன்முதலாக மனிதக் கையில் ஊசி போட்ட நாள். ஷமீமா முன்னால் வந்து உட்கார்ந்தவர் தாலுகா ஆபீஸ் ஓய்வு பெற்ற கிளார்க். இவள் ஊசியைக் கையில் எடுத்ததும் பழக்க தோஷத்தில், "வாயை நல்லாத் திறங்க சார்" என்றாள். அவரும் மாஸ்க்கை இறக்கி, ஆவென்று திறந்தார். அந்த நேரத்தில் குத்திவிட்டாள். "போட்டாச்சா? தெரியவே இல்லையே!" என்றார். அதற்குப் பிறகு அவள் கை நடுங்கவில்லை. சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டுப் பேருக்குப் போட்டாள். தோளைத் தொடும் விதம், ஊசி உள்ளே போகும் விதம், எல்லாம் எண்ணெய் மாதிரி.

கடைசிப் பாட்டிலைத் திறந்து வித்தை காட்டினேன். பத்து டோஸ் பாட்டில் என்றாலும் கம்பெனிக்காரன் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஊற்றியிருப்பான். கையில் சுத்தம் இருந்தால், ஒரு சொட்டுச் சிந்தாமல் உறிஞ்சினால், பதினொன்று எடுக்கலாம். எடுத்தேன். பத்துப் பேரும் கை தட்டினார்கள். கோழி முட்டை போட்டது மாதிரி நானும் ஒரு சுற்றுப் பார்த்தேன்.

கியூவில் பத்துப் பேர்தான் இருந்தார்கள். பதினொன்றாவது டிரேயில் நின்றது. திறந்த பாட்டில் நான்கு மணி நேரம்தான் தாங்கும். வாசலில் போய் யாராவது உண்டா என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். வெயிலைத் தவிர ஆள் இல்லை. வயர் சுருட்டிக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்தான்.

"யக்கா, வீணாத்தானே போவுது. எனக்குக் குத்தேன்."

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். "அட்டையில நாப்பத்து மூணு. போல, போய் வயரைச் சுத்து" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான். முகாம் டாக்டர் நிவேதன் பக்கத்தில் வந்து ஏதோ கேட்டார். நானும் ஏதோ சொன்னேன். பிறகு டீ வந்தது.

பதிவேட்டில் "வீண்: 1" என்று எழுதினேன்.

ஏப்ரல் 10, சனி

தம்பி பெண்டாட்டி இசக்கியம்மாள் மீன்குழம்பு கொடுத்துவிட்டிருக்கிறாள். கோபம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 25, ஞாயிறு

முழு ஊரடங்கு. தம்பி வீட்டுக்குப் போகவில்லை. அவன் போனில், "மே மாசம் பதினெட்டு வயசுக்காரனுக்கே உண்டாம்லா. அப்ப எனக்கு ரெண்டு தடவை போடலாம்" என்றான். ஆனால் மருந்து வரவில்லை. குளிர்பெட்டியைத் திறந்தால் காற்றுதான். ஆளைப் பழக்கிவிட்டேன், மருந்தில்லை. சமையல்காரனைச் சேர்த்துவிட்டு அடுப்பை விற்ற கதை.

மே 3, திங்கள்

தம்பிக்குக் காய்ச்சல். "மேடை மேடையாக் கத்தினதுல தொண்டை கட்டியிருக்கு" என்கிறான். சுக்குக் கஷாயம் குடித்தானாம். டெஸ்ட் எடுக்கச் சொன்னேன்.

மே 4, செவ்வாய்

எடுத்தான். ஆமாம்.

மே 7, வெள்ளி

நேற்று இரவு ஆஸ்பத்திரி. பெட் கிடைத்தது என் பழைய மாணவி ஒருத்தி வார்டில் இருப்பதால். வளையமாட்டேன் என்ற வடிவு சிஸ்டர் நன்றாகவே வளைந்தாள். கால் வரை வளைந்தாள். எழுதி வைக்கிறேன், எழுதாவிட்டால் மறந்த மாதிரி இருந்துவிடுவேன்.

கவச உடை போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பத்துப் பேர் அதே உடையில். எப்படியோ என்னைக் கண்டுபிடித்துவிட்டான். "நடையைப் பாத்தாலே தெரியும், வாத்து" என்றான். ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு. பேசாதே என்று சொல்லிவிட்டு நானே பேசினேன். மரிய அந்தோணியின் லடாக், சாத்துக்குடி ஜூஸ், கிளார்க் வாயைத் திறந்தது. சிரித்தால் ஆக்சிஜன் அளவு இறங்குகிறது. நிறுத்திக்கொண்டேன். பிறகு எனக்கு அவனிடம் பேச வேறு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. காலைப் பிடித்துவிட்டேன்.

வெளியே ஆட்டோ போயிற்று. "நாற்பத்தைந்து வயதைக் கடந்த அனைவரும் தவறாமல்..." அவன் குரல்தான், பதிவு செய்தது. அவனும் கேட்டான். கட்டை விரலை உயர்த்தினான், சவுண்டு நன்றாக இருக்கிறது என்று.

மே 10, திங்கள்

எண்பத்தாறு. எண்பத்து நான்கு. குப்புறப் படுக்க வைத்தால் தொண்ணூறு.

மே 13, வியாழன்

காலை ஐந்து ஐம்பது.

மே 17, திங்கள்

இரண்டாவது குழு வகுப்பு. வேறு ஆள் இல்லையே, நானே எடுத்தேன். ஊசி செங்குத்தாகப் போக வேண்டும். தேய்க்கக் கூடாது. அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். ஒரு பையன் கேட்டான்: "மேடம், ஒரே ஒரு டோஸ் போட்டுக்கிட்டவங்களுக்கு எவ்வளவு பாதுகாப்பு?" ஓரளவு என்று பதில் சொன்னேன். "ஓரளவுன்னா?" என்றான். டீ இடைவேளை விட்டேன்.

மே 22, சனி

ஏப்ரல் ஒன்பதாம் தேதிப் பக்கத்தைப் படித்தேன். எவ்வளவு சாமர்த்தியமாக எழுதியிருக்கிறேன்! "ஏதோ கேட்டார், ஏதோ சொன்னேன், டீ வந்தது." டைரிக்கே கதை விட்டிருக்கிறேன். டைரியைப் படிக்க யார் வரப் போகிறார்கள், அதற்கே இப்படி.

டாக்டர் நிவேதன் கேட்டது இது: "வடிவு சிஸ்டர், கூடப் பிறந்த அக்கா நீங்க. உண்மையான வயசு நாற்பத்தாறுதான்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் பொறுப்பு எடுத்துக்கறேன். குப்பைக்குப் போற மருந்துதானே." மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் பத்துப் பேருக்கும் கேட்டது. தம்பியும் வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

நான் சொன்னது: "அது வீட்டுல விளையாட்டுக்குச் சொல்றது டாக்டர். அட்டையில இருக்கறதுதான் சரி."

ஏன் சொன்னேன்? ஒரு வரி எழுதினால் அடுத்த வரியும் எழுத வேண்டுமே, அட்டையில் எப்படித் தப்பு வந்தது என்று.

ஹெட்மாஸ்டர் கண்ணாடி போட்டிருந்தார். நன்றாகவே போட்டிருந்தார். எண்பத்திரண்டு ஜூன். அம்மாவும் அப்பாவும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருந்தார்கள். பதினான்கு வயது அக்காதான் தம்பியைச் சேர்க்கக் கூட்டிப் போனாள். மஞ்சள் காமாலையிலும் அதற்குப் பிறகு வந்த வயிற்று நோவிலும் இரண்டு வருஷம் போய், ஏழு வயதில் ஒன்றாம் வகுப்புக்கு வந்து நிற்கிறான். வரிசையில் என் கூடப் படிக்கிறவளின் தம்பியும் நிற்கிறான், ஐந்து வயது. "உன் தம்பி மக்குப் பிள்ளையா? ஏழு வயசுல ஒண்ணாப்பா?" என்று அவள் கேட்டுவிடுவாளே என்று எனக்கு வெட்கம். நோஞ்சானாக இருந்ததால் ஐந்து என்றாலும் நம்புவார்கள். "எப்ப பொறந்தான்?" என்று சார் கேட்டார். சுவரில் காலண்டரைப் பார்த்தேன். ஜூன் ஐந்து என்று சொல்லி, ஐந்து வருஷத்தைக் கழித்துச் சொன்னேன். அவ்வளவுதான். பிற்பாடு வீட்டில் கேட்டபோது சார் மேல் பழியைப் போட்டேன். முப்பத்தொன்பது வருஷமாக அந்த மனுஷர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு டோஸ் அவனைக் காப்பாற்றியிருக்குமா? இருக்கும் என்று சொல்ல முடியாது. இருக்காது என்றும் சொல்ல முடியாது. வகுப்பில் பையன் கேட்ட "ஓரளவு" இதுதான். அந்த ஓரளவை நான் கத்தரித்துக் குப்பையில் போட்டேன்.

ஜூன் 14, திங்கள்

இறப்புச் சான்றிதழுக்காக நானும் இசக்கியம்மாளும் போனோம். கிளார்க் ஆதார் அட்டையைப் பார்த்து, "வயசு நாப்பத்து மூணுதானே?" என்றார்.

இசக்கி என்னைப் பார்த்தாள். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கண்ணைப் படிக்க எனக்கு வராமல் இல்லை.

"ஆமா" என்றேன். மறுபடியும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோக்காரர்தான் பேசினார்.

ஜூன் 24, வியாழன்

மருந்து வந்துவிட்டது. பதினெட்டு வயதுக்கு மேல் எல்லோருக்கும். பள்ளிக்கூட வாசல் வரை கியூ. நான்கு மேசை போட்டிருந்தோம். ஒன்றாம் மேசையில் நான், இரண்டாவதில் ஷமீமா. ஷமீமாவின் கியூதான் நீளம். வலிக்காமல் போடும் பெண் என்று ஊரில் பேர் வாங்கிவிட்டாள்.

பதினோரு மணிக்கு இசக்கியம்மாள் வந்தாள். என் மேசை காலியாக இருந்தது. நான் எழுந்து, நாற்காலியைக் கூடத் துடைத்துவிட்டேன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், மரியாதை குறையாமல். பிறகு போய் ஷமீமாவின் கியூவில் கடைசி ஆளாக நின்றாள். முன்னால் பதினேழு பேர். வெயில்.

ஒரு மணி நேரம் நின்றாள். என் மேசைக்கு அதற்குள் எட்டுப் பேர் வந்து போனார்கள். அவள் முறை வந்தபோது நான் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மூன்று விரல் கீழே. செங்குத்தாக. ஒரே மூச்சில். நான் போட்டிருந்தாலும் அவ்வளவு நன்றாகப் போட்டிருக்க மாட்டேன்.

அரை மணி நேரம் உட்காரும் இடத்தில் அவள் பக்கம் போய் உட்கார்ந்தேன். ஒரு நாற்காலி இடைவெளி விட வேண்டும், விட்டேன்.

"இசக்கி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் வயசு..."

"தெரியும் மதினி."

"ஹெட்மாஸ்டர் இல்ல. நான்தான்..."

"தெரியும்கேன்லா. அவங்க கல்யாணம் ஆன மறுமாசமே சொல்லிட்டாங்க. ஏழு வயசுப் பிள்ளைக்குக் காது கேக்காதா? 'எங்கக்கா என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அஞ்சுன்னு சொன்னா. நானும் அஞ்சு வயசுக்காரன் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கிட்டு நின்னேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

நான் மாஸ்க்கை மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"அன்னைக்கு ஊசி போடாம வந்தாங்கல்லா. நான் கத்தினேன். டாக்டரே கேட்டாருங்கீங்க, நீங்களாவது வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானேன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா?"

"வேண்டாம் இசக்கி."

"'பத்துப் பேருக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கா. அவங்க முன்னாடி எங்கக்காளைப் பொய்க்காரின்னு ஆக்கச் சொல்லுதியா?'ன்னாங்க."

காகம் ஒன்று குடிதண்ணீர் டிரம் மேல் வந்து உட்கார்ந்தது. யாரோ ஒருவர் எழுந்து போய் அதை விரட்டினார். மரிய அந்தோணி ஒலிபெருக்கியில் நம்பர் கூப்பிட்டார். மைக்செட் வேறு ஆள்.

அரை மணி முடிந்தது. இசக்கி எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள்.

"காய்ச்சல் வருமா மதினி?"

"சாயங்காலம் வரும். ஒரு நாள்தான். மாத்திரை குடுத்திருக்காங்கல்லா, போட்டுக்கோ. ரொம்ப இருந்தா என்னைக் கூப்பிடு."

"கூப்பிட மாட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வார்களே, அப்படி.

அவள் போன பிறகு மேசைக்கு வந்தேன். மீதி நாளில் நாற்பத்தோரு பேருக்குப் போட்டேன். ஒருவரிடமும் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. நிறையப் பேர் வலிக்கிறது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து ஆறு மணி வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு நானே கூப்பிட்டேன். எடுத்தாள். "இசக்கி, காய்ச்சல் இருக்கா?" என்றேன். குக்கர் சத்தம் கேட்டது. அவள் மூச்சு கேட்டது. கொஞ்சம் சூடான மூச்சுதான், தெரிகிறது, முப்பது வருஷம் நர்ஸ்.

அவள் பேசவில்லை. வைக்கவும் இல்லை. எனக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. இந்த வாய்க்கு! இருபது நிமிஷம் அப்படியே இருந்தோம்.